ஃபிலிமில் தெரியாத இழுவிசை: பென்லி குழாய் வெல்டில் 23 மி.மீ. விரிசல்

குழாய்ச் சுவரின் கனம் 27 மில்லிமீட்டர். உள்பக்கத்திலிருந்து கிளம்பிய விரிசல், ஆழமான இடத்தில் 23 மில்லிமீட்டர் வரை ஏறியிருந்தது. நீளம் 155 மில்லிமீட்டர். குழாயைச் சுற்றி அளந்தால் கிட்டத்தட்ட கால் சுற்று. அந்த இடத்தில் உள்ளே இருந்த தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது மிச்சமிருந்த 4 மில்லிமீட்டர் எஃகு. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கையால் தடவிப் பார்த்தாலும், வெளியிலிருந்து டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்தாலும் நல்ல ஜாயின்ட் என்றுதான் தோன்றும்.

இந்த வெல்ட் இருந்தது பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் உள்ள பென்லி அணுமின் நிலையத்தின் 1-ஆம் உலையில். விபத்து நேர்ந்தால் உலைக்குள் தண்ணீரைச் செலுத்துவதற்கென்று ஒரு பாதுகாப்புக் குழாய்த்தொடர் உண்டு. அதில், உலையிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும் முதன்மைச் சுற்றின் கிளையோடு போய்ச் சேரும் லைன் இது. 2023 மார்ச்சில் அந்நாட்டின் அப்போதைய அணுப் பாதுகாப்பு ஆணையமான ஏஎஸ்என் இதைப் பொதுவில் அறிவித்தது. இவ்வளவு பெரிய விரிசல் இருக்கும்போது அந்தக் குழாய் தாங்கும் என்று இனி நிரூபிக்க முடியாது என்று ஆணையம் சொன்னது. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இதற்கு 2-ஆம் நிலை கொடுத்தார்கள். அந்த லைன்களில் ஒன்று முழுதாக உடைந்தாலும் உலையைக் காப்பாற்ற முடியும் என்பது பாதுகாப்புக் கணக்கில் ஏற்கெனவே உண்டு. ஆட்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ பாதிப்பு எதுவும் நேரவில்லை.

அந்த அறிவிப்பில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. இந்த லைன், அதன் வடிவமைப்பைப் பார்த்து, இந்த வகை விரிசல் வராத லைன் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. அப்புறம், உலையைக் கட்டிய காலத்தில் இந்த வெல்ட் இரண்டு முறை பழுதுபார்க்கப்பட்டிருந்தது.

நான் பல வருடமாகக் குழாய் வெல்ட்களுக்கு யூடி, அதாவது ஒலி அலையை அனுப்பி, திரும்பும் எக்கோவை வைத்துக் குறை தேடும் அல்ட்ராசோனிக் சோதனை, பார்த்து வருகிறேன். இரண்டாம் ரிப்பேர் போன ஜாயின்ட்டை எங்கள் வேலையில் ஆர்2 என்று எழுதுவோம். மறுபடி ரேடியோகிராஃபி ஃபிலிம் (எக்ஸ்ரே மாதிரி கதிரை ஊடுருவவிட்டு எடுக்கும் படம்) எடுத்து, அது சுத்தமாக வந்துவிட்டால் அந்த ஜாயின்ட் எல்லா ஜாயின்ட்களோடும் சேர்ந்துவிடும். அதன் பழைய கதையை யாரும் கேட்பதில்லை. பென்லி நிகழ்வை நான் இவ்வளவு விரிவாக எழுத அதுதான் காரணம். ஆனால் கதை பென்லியில் தொடங்கவில்லை. ஒன்றரை வருடம் முன்னால், வேறொரு நிலையத்தில் தொடங்கியது.

சிவோவில் தேடியது ஒன்று, கிடைத்தது வேறு

2021 இலையுதிர் காலத்தில், சிவோ நிலையத்தின் 1-ஆம் உலை பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய சோதனைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது பிரான்ஸில் ஓடிக்கொண்டிருந்தவற்றில் மிகப் பெரிய உலைகளான 1450 மெகாவாட் வகை நான்கில் அது ஒன்று. அங்கே பாதுகாப்புக் குழாய்த்தொடரில், எல்போக்களை (குழாயின் வளைவுத் துண்டுகளை) ஒட்டிய வெல்ட்களுக்கு யூடி பார்த்தார்கள். தேடியது வெப்பக் களைப்பால் வரும் விரிசலை. சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறிமாறிப் படும் இடத்தில் எஃகு விரிந்து சுருங்கி, கடைசியில் உள்பரப்பில் விரிசல் விடும். அது பழக்கமான நோய். அதைப் பிடிக்கத்தான் சோதனை முறையும் அமைக்கப்பட்டிருந்தது.

எக்கோக்கள் வந்தன. குழாயை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். உலோகவியலாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, விரிசல் எஃகின் மணிகளுக்கு (எஃகு ஆகியிருக்கும் நுண்படிகங்களுக்கு) நடுவே, எல்லைகளை ஒட்டி வளைந்து வளைந்து போயிருந்தது. வெப்பக் களைப்பு விரிசல் பொதுவாக மணிகளை ஊடறுத்து நேராகப் போகும். இது வேறு. இது தகைவு அரிப்பு விரிசல். அதாவது இழுவிசையும் சூழலின் அரிப்பும் சேர்ந்து உண்டாக்குவது. எங்கள் பேச்சில் எஸ்சிசி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எஸ்சிசி வர மூன்றும் ஒன்றாகக் கூட வேண்டும்: அதற்கு இடம் கொடுக்கும் உலோகம், அதற்கேற்ற சூழல், போதுமான இழுவிசை. 1970-களில் கொதிநீர் உலைகளில் இந்த நோய் பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு. தண்ணீரில் ஆக்சிஜன் உண்டு. வெல்டிங் சூட்டில் கார்பனும் குரோமியமும் மணி எல்லைகளில் சேர்ந்து கார்பைடாகிவிடும். எல்லையை ஒட்டிய இடத்தில் குரோமியம் குறைந்துபோகும். அந்தக் கோட்டிலேயே அரிப்பு நுழையும். மருந்து என்ன என்பதும் தெரிந்தது: கார்பனை 0.03 சதவீதத்துக்குக் கீழே வைத்த எல் வகை எஃகு. சிவோவில் இருந்தது அப்படிப்பட்ட 316எல் வகைதான். அதுவும் அழுத்தநீர் உலை. முதன்மைச் சுற்றின் தண்ணீரில் ஹைட்ரஜன் கலந்து ஆக்சிஜனை அடக்கி வைத்திருப்பார்கள். நல்ல எஃகு, நல்ல தண்ணீர். மூன்றில் இரண்டு இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை, அந்த இழுவிசையை, யாரும் பெரிதாக எண்ணவில்லை.

2021 டிசம்பர் முடிவதற்குள், இந்த உலைகளை இயக்கும் இடிஎஃப் நிறுவனம் அதே வகையைச் சேர்ந்த மற்ற மூன்று உலைகளையும், அதாவது சிவோ 2, ஷோ 1, ஷோ 2 ஆகியவற்றையும் நிறுத்த முடிவெடுத்தது. அடுத்த மாதமே 1300 மெகாவாட் வகையைச் சேர்ந்த பென்லி 1-லும் இதே வகைப் பாதிப்பு தெரியவந்தது. 2022 முழுக்க இது தொடர்ந்தது. அந்த ஆண்டு பிரான்ஸின் அணுமின் உற்பத்தி 279 டெராவாட்-மணியாகக் குறைந்தது. முந்தைய ஆண்டு 361. பெருந்தொற்றால் தள்ளிப்போன பராமரிப்பும் இதில் ஒரு பங்கு. ஆனாலும் வெல்ட் ஓரத்தில் இருந்த சில மில்லிமீட்டர் விரிசல்களுக்கு ஒரு நாட்டின் மின்சாரக் கணக்கில் இவ்வளவு கனம் இருந்தது.

"ஜியாமெட்ரி" என்று எழுதிவிட்டுப் போன எக்கோக்கள்

யூடி பார்க்கிறவனுக்கு மனசை உறுத்தும் பகுதி இதுதான். விஷயம் தெரிந்தபின், மற்ற உலைகளில் முன்பு எடுத்த யூடி பதிவுகளைத் திரும்ப எடுத்துப் படித்தார்கள். அவற்றில் சிலவற்றில் எக்கோக்கள் ஏற்கெனவே இருந்தன. அன்று பார்த்தவர்கள் அவற்றைப் போலி எக்கோக்கள் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று புரிய, ஒலியை அனுப்பி வாங்கும் புரோப் எதைப் பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

குழாயின் வெளிப்பக்கம் புரோப்பை வைத்து, 45 டிகிரி சாய்வில் ஒலியை அனுப்புகிறோம். அது சுவரைக் கடந்து உள்பரப்பை அடைகிறது. அங்கே உள்பரப்பிலிருந்து ஒரு விரிசல் எழுந்து நின்றால், இரண்டும் சேர்ந்து ஒரு மூலை ஆகின்றன. அறையின் மூலையில் எறிந்த பந்து எறிந்தவனிடமே திரும்பி வருவது மாதிரி, ஒலி நேராகப் புரோப்புக்குத் திரும்புகிறது. இதனால் சின்ன விரிசல்கூடப் பெரிய எக்கோ கொடுக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதே இடத்தில் வேறு மூலைகளும் உண்டு. வெல்டின் அடியில் முதலில் போடும் அடுக்கான ரூட் பாஸ் உள்ளே கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் அதன் ஓரம் ஒரு மூலை. இரண்டு குழாய் முனைகளின் விட்டத்தையும் பொருத்துவதற்காக உள்ளே கடைந்திருந்தால், அந்தக் கடைசல் முடியும் படி ஒரு மூலை. இரண்டு முனைகளும் சரியாக நேர்கோட்டில் உட்காராமல் இருந்தால் அது ஒரு மூலை. எல்லாமே வெல்டின் அடியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும். எஸ்சிசி தொடங்குவதும் அதே ரூட் ஓரத்தில், வெப்பம் தாக்கிய பகுதியில்.

அப்புறம் ஸ்டெயின்லெஸ் வெல்டுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சாதா கார்பன் எஃகு வெல்டில் ஒலி ஏறத்தாழ நேராகப் போகும். இந்த வகை ஸ்டெயின்லெஸ் வெல்ட், அதாவது ஆஸ்டெனிட்டிக் வெல்ட், உறையும்போது மணிகள் சிறு தூண்கள் போல, ஒரு பாஸிலிருந்து அடுத்த பாஸுக்குள் வளர்ந்துகொண்டே போகும். அவற்றின் அளவு ஒலியின் அலைநீளத்தைவிடப் பெரியது. 2 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலைக்கு எஃகில் அலைநீளம் 1.6 மில்லிமீட்டர்தான். தூண்களின் நடுவே ஒலி சிதறுகிறது, தேய்கிறது, பாதை வளைந்துவிடுகிறது. திரையில் புல் முளைத்த மாதிரி இரைச்சல் தெரியும். நெட்டலை அனுப்பும் இரட்டைப் படிகப் புரோப் இங்கே கொஞ்சம் மேல். அதுவும் வெல்டைக் கடந்து மறுபக்கத்து விரிசலைக் காட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எல்போ பக்கம் வளைவு இருப்பதால் புரோப் சரியாக உட்காராமல், நேர்க்குழாய்ப் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க வேண்டி வரும்போது பாதி வெல்ட் கிட்டத்தட்ட இருட்டில் இருக்கிறது.

இந்த நிலைமையில் ரூட் பக்கம் ஓர் எக்கோ வருகிறது. தேடச் சொன்னது வெப்பக் களைப்பு விரிசலை. அது வரக்கூடிய இடம் இது அல்ல என்கிறது கையில் உள்ள குறிப்பு. எஸ்சிசி இந்த எஃகில் வராது என்கிறது பாடம். அப்போது "ரூட் ஜியாமெட்ரி" (வெல்டின் அடி வடிவத்தால் வந்த எக்கோ) என்று எழுதிவிட்டு அடுத்த ஜாயின்ட்டுக்குப் போவது சோம்பேறித்தனம் ஆகாது. அவருக்குக் கொடுத்த கேள்விக்கு அது நியாயமான பதில். கேள்விதான் குறுகலாக இருந்தது.

ஒருமுறை எனக்கும் இப்படி வந்தது. ஒரு நீராவி லைனில், எல்போவை ஒட்டிய ஜாயின்ட். 6 மணி நிலையில் (குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக வைத்தால் அடிப்பக்கம்) மட்டும் ரூட்டில் எக்கோ தூக்கியது. உள்ளே இரண்டு முனையும் படிவிட்டு உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டேன். கூட இருந்த மூத்தவர் கேட்டார், "படின்னு சொல்றீங்களே தம்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கனம் எடுத்துப் பார்த்தீங்களா?" நான் எடுக்கவில்லை. நேர்ப் புரோப்பால் இரண்டு பக்கமும் கனம் எடுத்து, வெல்டின் வெளிவளைவையும் அச்சு எடுத்து, தாளில் முழு அளவில் வெட்டுமுகம் வரைந்து, ஒலிப்பாதையை அதன்மேல் போட்டோம். அந்த இடத்தில் படியே இல்லை. கோடு போய் விழுந்தது ரூட்டின் ஓரத்தில். வெட்டிப் பார்த்தபோது உருகிச் சேராத ரூட். அன்றிலிருந்து "ஜியாமெட்ரி" என்ற சொல்லை வரைபடம் இல்லாமல் நான் எழுதுவதில்லை.

நீளம் தெரிந்தால் ஆழம் தெரிந்ததாகாது

விரிசல் இருக்கிறது என்று கண்டபின் அடுத்த கேள்வி: எவ்வளவு ஆழம்? 2022-இன் தொடக்கத்தில் இடிஎஃப்பின் பெரிய சிக்கல் இதுதான். அப்போது கையில் இருந்த யூடி முறை விரிசல் இருப்பதைச் சொல்லும். ஆழத்தை நம்பகமாகச் சொல்லாது. ஆழம் வேண்டுமென்றால் குழாயை வெட்ட வேண்டும். ஒவ்வொரு சந்தேக வெல்டையும் வெட்டி, ஆய்வகத்துக்கு அனுப்பி, புதுக் குழாய் வைத்து மறுபடி வெல்ட் செய்யவேண்டும். அதுவும் கதிர்வீச்சு உள்ள இடத்தில். இதற்குப் போதுமான தேர்ந்த வெல்டர்கள் உள்நாட்டில் இல்லாமல் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்தார்கள்.

எக்கோவின் உயரத்தை வைத்து ஆழம் சொல்லக்கூடாதா என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். மூலை எக்கோவில் அது நடக்காது. விரிசல் ஒலிக்கற்றையின் அகலத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டால், மேலும் எவ்வளவு வளர்ந்தாலும் எக்கோ ஏறாது. 6 மில்லிமீட்டரும் 16 மில்லிமீட்டரும் திரையில் ஒரே மாதிரி நிற்கும். ஆழம் பார்க்க விரிசலின் நுனியைப் பிடிக்க வேண்டும். நுனியில் ஒலி பட்டுச் சிதறும் மெல்லிய எக்கோவுக்கும் அடி மூலை எக்கோவுக்கும் உள்ள நேர வித்தியாசம்தான் ஆழத்தைத் தரும். எஸ்சிசி கிளைவிட்டு வளரும். அதற்கு ஒரே தெளிவான நுனி கிடையாது. நுனி எக்கோ இரைச்சலுக்குள் முங்கிப்போகும். இடிஎஃப் 2022-இல் ஆழத்தையும் அளக்கக்கூடிய மேம்பட்ட யூடி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. உலைகளைக் கொத்துக் கொத்தாக நிறுத்தி, வெட்டிப் பார்க்கும் நிலை மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நீளம், ஆழம் பற்றி நல்ல பாடம் 2023 மார்ச்சில் வந்தது. பென்லி 1 பற்றி அறிவித்த அதே வாரத்தில் வேறு இரண்டு உலைகளின் வெப்பக் களைப்பு விரிசல்களையும் அறிவித்தார்கள். கட்டெனோம் 3-இல் நீளம் 165 மில்லிமீட்டர், ஆழம் 4. பென்லி 2-இல் நீளம் 57 மில்லிமீட்டர், ஆழம் 12. நீளமானது மேலோட்டமாக நிற்கிறது; குட்டையானது மூன்று மடங்கு ஆழம் போயிருக்கிறது. பென்லி 1-இல் நீளமும் உண்டு, ஆழமும் உண்டு. நீளத்தை மட்டும் வைத்து ஆபத்தைத் தரம்பிரித்தால் இந்த மூன்றில் முதலிடம் கட்டெனோமுக்குப் போயிருக்கும்.

வெல்டுக்குள் தங்கிய இழுவிசை

சரி, இந்த இழுவிசை எங்கிருந்து வந்தது?

சிவோ வகை உலைகளில் முதல் காரணமாகச் சொல்லப்பட்டது குழாயின் வடிவமைப்பு. பாதுகாப்பு லைன் சாதாரண நாட்களில் ஓடாது. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். முதன்மைச் சுற்றின் சூடான தண்ணீர் அதற்குள் நாக்கு நீட்டுவது போல் புகுந்து, மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று அடுக்காக நிற்கும். மேல்பாதி விரிய, கீழ்பாதி விரியாமல் இருக்க, குழாய் வளைய முயல்கிறது. எல்போ பக்கத்து வெல்டின் மேல் அந்தச் சுமை விழுகிறது. 900 மெகாவாட் உலைகளில் இந்த லைனின் போக்கு வேறு மாதிரி. அங்கே பாதிப்பும் குறைவு. ஆகவே எந்த லைனுக்குச் சந்தேகம், எதற்கு இல்லை என்று பிரிக்க இடிஎஃப் வடிவத்தை முக்கிய அளவுகோலாக எடுத்தது. நியாயமான அளவுகோல்தான். 1450 மெகாவாட் உலைகள் நான்கும், 1300 மெகாவாட் வகையின் ஒரு பிரிவைச் சேர்ந்த பன்னிரண்டுமாகப் பதினாறு உலைகள் அதிகம் பாதிக்கப்படக்கூடியவை என்று கணித்து, அவற்றின் சந்தேக லைன்களில் வேலை நடந்தது.

பென்லி 1-இன் அந்த லைன் இந்தச் சல்லடையில் கீழே விழுந்துவிட்டது. வடிவத்தைப் பார்த்தால் ஆபத்து இல்லை. அது உண்மையும்கூட. ஆனால் இழுவிசைக்கு வடிவம் மட்டும் காரணமல்ல.

ஸ்டெயின்லெஸ் எஃகு சூட்டில் சாதா எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதோ சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வெல்டின் சூடு அங்கேயே தேங்கி, அந்த இடம் மட்டும் பெரிதாக விரிந்து, ஆறும்போது பெரிதாகச் சுருங்குகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு சுருங்க விடாது. இழுத்துப் பிடித்த நிலையிலேயே எல்லாம் உறைந்துவிடும். பிறகு சூடாக்கித் தளர்த்தும் வேலையும் இந்த வகைக் குழாய்களுக்கு வழக்கமாகச் செய்வதில்லை. முழுச் சுற்றும் ஒரே சீராக வெல்ட் செய்தால் சுருக்கமும் ஓரளவு சீராக இருக்கும்.

ரிப்பேர் அப்படி அல்ல. ஃபிலிமில் ஒரு குறை தெரிகிறது என்று வையுங்கள். அந்த நீளத்துக்கு மட்டும் கிரைண்டரால் தோண்டுவார்கள். பள்ளத்தின் இரண்டு முனையிலும் முழுக் கனத்தில் ஆறிய வெல்ட் இறுகி நிற்கும். நடுவில் உருக்கி ஊற்றுகிறோம். அது சுருங்க முயலும்போது நான்கு பக்கமும் பிடி. அந்தச் சின்ன நீளத்தில் தங்கும் இழுவிசை மூல வெல்டில் இருந்ததைவிட அதிகம். ரூட் ஓரத்து எஃகு இன்னொரு முறை சூடாகி, நெளிந்து, கடினமாகிறது. கடினமான எஃகில் எஸ்சிசி எளிதாக ஓடும். இதையே இரண்டாம் முறையும் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பென்லியில் இரட்டை ரிப்பேர் அந்த இடத்தின் இயந்திரப் பண்புகளையும் உள் இழுவிசையையும் மாற்றியிருக்கக்கூடும் என்றுதான் ஏஎஸ்என்னும் குறிப்பிட்டது.

அந்த வெல்டைப் பழுதுபார்த்தவர் தப்பு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. குறை இருந்தது, எடுத்தார்; ஏற்றுக்கொள்ளும்படி வெல்ட் கிடைத்தது. போதாமை இருந்தது ரேடியோகிராஃபியில்தான். ஃபிலிம் காட்டுவது பொருளின் கனத்தில் உள்ள வித்தியாசத்தை: காற்றுக்குமிழ், ஸ்லாக் (கசடு), ரூட்டில் குறை. கதிரின் திசையில் அமைந்தால் விரிசலும் தெரியும். உள்ளே எஃகு எவ்வளவு இறுக்கமாக இழுபட்டு நிற்கிறது என்பது ஃபிலிமில் தெரியாது. நீரழுத்தச் சோதனையிலும் தெரியாது. ஆக, அந்த ஜாயின்ட் எல்லாத் தேர்விலும் தேறியது. 1990-இல் உலை மின்கட்டமைப்போடு இணைந்தது. அதற்குப்பின் முப்பது வருடத்துக்கு மேல், சூட்டிலும் அழுத்தத்திலும், விரிசல் மணி எல்லை பிடித்து மெல்ல ஏறியது.

பென்லி 1-க்குப் பிறகு ஏஎஸ்என் இடிஎஃப்பிடம் உத்தியைத் திருத்தச் சொன்னது. இடிஎஃப் கட்டுமானக் காலத்துக் கோப்புகளைத் திறந்து, ரிப்பேர் போன வெல்ட்களைத் தேடிப் பட்டியலிட்டு, அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து யூடி பார்க்கும் திட்டத்தை முடுக்கியது. வடிவம் பார்த்துச் சலித்த சல்லடைக்கு அடுத்து, பிறந்த கதை பார்த்துச் சலிக்கும் இரண்டாவது சல்லடை.

இதை மற்ற ஆலைகளில் வைத்துப் பார்த்தால்

அணு உலையில் ஒவ்வொரு வெல்டுக்கும் கோப்பு உண்டு. அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் எந்த வெல்ட் எத்தனை முறை ரிப்பேர் போனது என்று தேட முடிந்தது. நாம் வேலை செய்யும் ரசாயன ஆலை, சுத்திகரிப்பு ஆலை, நீராவி லைன்களில் அந்த வசதி எத்தனை இடத்தில் உண்டு? அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ, ஆலைக் குழாய்களுக்கு வைத்துள்ள பி31.3 விதிப்படி, சாதாரணத் திரவச் சேவையில் உள்ள சுற்றுவெல்ட்களில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ரேடியோகிராஃபியோ யூடியோ பார்த்தால் போதும். அதில் ஒன்று தவறினால், அதே வெல்டர் செய்த இன்னும் இரண்டு ஜாயின்ட்களைப் பார்க்க வேண்டும். ரிப்பேர் செய்தால் மறுபடி சோதிக்க வேண்டும். அதெல்லாம் ஒழுங்காக நடக்கும். நடந்தபின் கோப்பு என்ன ஆகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. வெல்ட் மேப்பில் ஜாயின்ட் நம்பர், வெல்டர் நம்பர், "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் மிஞ்சும். ஃபிலிம் படித்தவரின் தாளில் இருந்த "ஆர்1, 120 முதல் 180 மி.மீ. வரை, ரூட்" என்ற வரி காணாமல் போகும். பத்து வருடம் கழித்து ஆபத்தின் அடிப்படையில் எதைச் சோதிப்பது என்று கணக்குப் போட உட்காரும் பொறியாளருக்கு அழுத்தம், வெப்பம், திரவம், அரிப்பு வேகம் எல்லாம் கிடைக்கும். எந்த ஜாயின்ட் எத்தனை முறை தோண்டப்பட்டது என்பது மட்டும் கிடைக்காது. குளோரைடு படும் ஸ்டெயின்லெஸ் லைனிலும், காஸ்டிக் ஓடும் கார்பன் எஃகு லைனிலும் அந்தத் தகவலுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அங்கேயும் எஸ்சிசி வருவது இழுவிசை தங்கிய இடத்தில்தான்.

இன்னொன்று, ஆட்களின் தேர்ச்சி. 1982-இல் அமெரிக்காவின் நைன் மைல் பாயின்ட் நிலையத்தில் மறுசுழற்சிக் குழாயின் ஸ்டெயின்லெஸ் வெல்ட் பகுதியில் எஸ்சிசி கசிவாக வெளிப்பட்டது. அதற்கு முன் பார்த்த யூடியில் அது பிடிபடவில்லை. அங்கே எழுந்த கேள்விகளின் தொடர்ச்சியாக, ஏஎஸ்எம்இ விதித்தொகுப்பின் 11-ஆம் பிரிவில் 8-ஆம் பின்னிணைப்பு வந்தது. சோதிப்பவர் காகிதத் தேர்வு எழுதினால் போதாது. விரிசல் வைத்துச் செய்த மாதிரித் துண்டுகளில், எது எங்கே என்று தெரியாமல், கருவியோடும் முறையோடும் தன் கையால் கண்டுபிடித்துக் காட்டவேண்டும். நான் பழகிய தொழிற்சாலைகளில் இன்னும் ஓரத்தில் வெட்டிய நாட்ச் உள்ள ஒரு அளவுக்கட்டையை வைத்துக் கருவியைச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நாட்ச் சுத்தமான மூலை. அழகான எக்கோ கொடுக்கும். கிளைவிட்ட எஸ்சிசி அப்படிக் கொடுக்காது. நாட்ச்சை மட்டுமே பார்த்துப் பழகிய கண், உண்மையான விரிசலின் சிதறிய எக்கோவை இரைச்சல் என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். ஆலையில் ஒரு குழாயை வெட்டி எடுத்து அதில் விரிசல் இருந்தால், அதைக் காயலானுக்குப் போடாமல் பயிற்சித் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்டுவருகிறேன். அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பதிவு செய்யும் யூடியும் இதோடு சேர்ந்தது. கையில் புரோப் பிடித்து, திரையைப் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டை பத்து வருடம் கழித்துத் திரும்பப் படித்தால் "ஒன்றும் இல்லை" என்பது மட்டும்தான் இருக்கும். சிவோவுக்குப் பின் பழைய பதிவுகளைத் திரும்பப் படிக்க முடிந்தது, பதிவு இருந்ததால்தான். பல படிகங்களால் ஒலியைத் திருப்பும் ஃபேஸ்டு அரே கருவியோடு, புரோப் இருக்கும் இடத்தைக் குறிக்கும் என்கோடரும் வைத்து முழுச் சுற்றையும் பதிந்து வைத்தால், இன்று புரியாத எக்கோவை நாளை புதிய அறிவோடு படிக்கலாம். செலவு கூடும், நேரம் கூடும். எல்லா லைனுக்கும் வேண்டாம். ரிப்பேர் போன, எஸ்சிசிக்கு வாய்ப்புள்ள, உடைந்தால் ஆள் சாகக்கூடிய லைன்களுக்காவது வேண்டும்.

இப்போது நான் ஒரு ஆலைக்குள் போகும்போது, புரோப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கட்டுமானக் கால ரேடியோகிராஃபி படிப்புத் தாள்களைக் கேட்கிறேன். பெரும்பாலும் "அதெல்லாம் எங்கே இருக்கோ" என்ற பதில்தான் வரும். கிடைத்தால், ஆர்1, ஆர்2 எழுதிய ஜாயின்ட்களை மட்டும் ஐசோமெட்ரிக் வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, தோண்டிய நீளத்தையும் மணிநிலையையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து சோதனையைத் தொடங்குகிறேன்.